உதட்டில் ஒரு கொப்புளம், வீட்டில் ஒரு பச்சைக் குழந்தை

போன சித்திரையில் என் மூத்த மகளுக்குத் தலைப் பிரசவம். எங்கள் வழக்கப்படி தாய் வீட்டில்தான், மதுராந்தகத்தில். பெண் குழந்தை. தாயும் சேயும் நலமாக வீடு வந்து சேர்ந்த நாலாம் நாள் விடியற்காலையில், வெந்நீர் அண்டாவுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். கீழுதட்டின் இடது ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. கண்ணாடியில் பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினாறு வயதிலிருந்து என்னிடம் வந்து போகிற விருந்தாளி அது. சாயங்காலத்துக்குள் கொப்புளம் கிளம்பிவிடும் என்று எனக்குத் தெரியும்.

உதட்டோரத்தில் கடுகு கடுகாகக் கூட்டமாய்க் கிளம்புமே, நீர் கோத்து, உடைந்து, கடைசியில் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டி உதிருமே, அந்தக் கொப்புளத்தைத்தான் சொல்கிறேன். உங்களில் பலருக்கு வந்திருக்கும். காய்ச்சல் விட்ட பிறகு வருவதால் காய்ச்சல் கொப்புளம் என்பார்கள் சிலர். எங்கள் ஆயா இதற்கு வைத்த காரணமே வேறு. "ராத்திரி தூங்கறப்ப பல்லி பெஞ்சிருக்கும்டி" என்பாள். அதை நம்பி, நான் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். பாவம் பல்லி! அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இந்தப் புண்ணுக்கு நான் செய்யாத வைத்தியம் இல்லை. கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு தடவை வந்தது. பெண் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டிய நேரத்தில் உதடு வீங்கிக் கிடக்கிறதே என்று அழுதேன். யாரோ சொன்னார்கள் என்று வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை எடுத்துத் தடவினேன். சுட்டதே பாருங்கள், மேல் தோல் வெந்து உரிந்து, கல்யாண போட்டோவில் இன்றைக்கும் அந்தக் கறுப்புத் திட்டு இருக்கிறது. இன்னொரு தடவை பற்பசை. இன்னொரு தடவை, மருந்துக் கடையில் கேட்டு, படர்தாமரைக்குப் போடுகிற ஒரு களிம்பை வாங்கி வந்தேன். அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு என்று பிற்பாடுதான் தெரிந்தது. எரிச்சல் உடனே அடங்கியது, உண்மைதான். ஆனால் உதட்டோரத்தில் இருந்தது இரண்டு நாளில் மோவாய் வரைக்கும் இறங்கிவிட்டது. ஸ்டீராய்டு, கிருமியை எதிர்க்கிற உடம்பின் சக்தியையே அந்த இடத்தில் அடக்கிவிடுமாம். கிருமிக்குக் கொண்டாட்டம்!

இத்தனைக்கும் நான் இதை ஒரு அழகுக் குறைவு என்றுதான் நினைத்திருந்தேனே தவிர, இது அடுத்தவருக்கும் ஒட்டும் என்று நினைத்ததே கிடையாது. நல்லவேளையாக, பிரசவம் பார்த்த டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பும்போது மகளிடம், "யாருக்காவது உதட்டுல கொப்புளம் இருந்தா குழந்தைகிட்ட விடாதீங்க. ஒரு மாசத்துக்கு யாரும் முத்தம் கொடுக்கவே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்போது அதை நான் சாதாரணமாகக் காதில் வாங்கிக்கொண்டேன். அடுப்பங்கரையில் குறுகுறுப்பு வந்தபோதுதான் அந்த வார்த்தை ஊசி மாதிரி தைத்தது. ஏனென்றால், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டுவது, நெற்றியிலும் கன்னத்திலும் பொட்டு வைப்பது எல்லாமே நான்தான்!

அன்று காலையே ஓடிப்போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

இதற்குக் காரணம் ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்கிற வைரஸ். உலகத்தில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 380 கோடிப் பேருக்கு, அதாவது மூன்றில் இரண்டு பேருக்கு, இதன் முதல் வகை உடம்பில் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே யாரோ முத்தம் கொடுத்தோ, எச்சில் பட்டோ வந்துவிடுகிறது. பல பேருக்கு அது தெரியாமலே போய்விடும். ஒரு தடவை உள்ளே புகுந்தால் வெளியே போகாது. முகத்துக்கு வருகிற நரம்பின் முடிச்சு ஒன்று மண்டைக்குள் காதுப் பக்கமாக இருக்கிறதாம், அதிலே போய்ப் படுத்துக்கொள்ளும். காய்ச்சல், தூக்கமின்மை, மனக்கவலை, மாதவிலக்கு, கடும் வெயில் என்று ஏதாவது வந்து உடம்பு அசந்த நேரம் பார்த்து, வந்த நரம்பு வழியாகவே உதட்டுக்கு இறங்கி வரும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே இடம்.

கேட்கக் கேட்க எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயம் வந்தது. கல்யாண வாரம் வந்தது. அப்பா காரியம் முடிந்த மறுநாள் வந்தது. கல்யாணமான புதிதில் வைகாசி வெயிலில் மாமல்லபுரம் போய், குடையும் இல்லாமல் கடற்கரைக் கோயில் பக்கம் மத்தியானம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தோம், மூன்றாம் நாள் வந்தது. அப்போதும் பல்லியைத்தான் திட்டினேன். இந்தத் தடவை காரணம் கேட்கவே வேண்டாம், பத்து நாளாக ராத்திரி சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை.

"பெரியவங்களுக்கு இது ஒண்ணுமில்லம்மா, ஏழு நாள் பத்து நாள்ல தானா ஆறிடும்" என்றார் டாக்டரம்மா. "ஆனா பொறந்து ஒரு மாசம்கூட ஆகாத குழந்தைக்கு இதை எதிர்க்கற சக்தி கிடையாது. ரத்தத்துல கலந்து ஈரல், மூளைன்னு போயிடும். அபூர்வமாத்தான் நடக்கும். நடந்தா உயிருக்கே ஆபத்து." தாய்க்கு முன்பே இந்தக் கிருமி இருந்தால், அவள் உடம்பில் உண்டான எதிர்ப்புச் சத்து கொஞ்சம் குழந்தைக்கும் வந்திருக்கும். ஆனால் அதை நம்பி யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாதாம்.

குழந்தை பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, உடம்பு சுடுவது அல்லது சில்லென்று ஆகிவிடுவது, தோலில் கொப்புளம், வெட்டி வெட்டி இழுப்பது, இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வீட்டில் யாருக்காவது உதட்டுப் புண் இருந்தது என்பதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்தப் பத்தியை மட்டுமாவது கர்ப்பிணிப் பெண்கள் உள்ள வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

எனக்கு அவர் வைத்த சட்டம் இதுதான்: சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி மாஸ்க் கட்டிக்கொண்டு, அவசியமானால் குழந்தையைத் தூக்கலாம். முத்தம் கூடவே கூடாது. பொருக்கு முழுவதும் உதிர்ந்து தோல் மூடுகிற வரை, வேறு ஆள் இருந்தால் குளிப்பாட்டுகிற வேலையை அவர்களிடம் விட்டுவிடுவது நல்லது. தாய்க்கே உதட்டில் வந்தால்? பால் கொடுக்கலாம், நிறுத்தக் கூடாது. முத்தம் இல்லாமல், கை கழுவி, வாயை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டும். மார்பில் கொப்புளம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சொல்வதற்கு இரண்டு நிமிஷம், நடத்திக் காட்டுவது சாமானியமா? செங்கல்பட்டிலிருந்து என் நாத்தனாரை வரவழைத்தேன், குளிப்பாட்டுவதற்கு. நான் கூடத்து வாசற்படியில் மாஸ்க்கோடு உட்கார்ந்து, "காதுல தண்ணி போகாம, அண்ணி! தலையைத் தாங்கிப் பிடிங்க" என்று அங்கிருந்தே அதிகாரம் பண்ணுவேன். சொந்தப் பேத்தியைப் பத்தடி தள்ளி நின்று பார்ப்பது என்ன வேதனை என்று எனக்குத்தான் தெரியும்.

அது போதாதென்று, பேத்தியைப் பார்க்க சம்பந்தியம்மா வந்தார். நான் தூக்கிக் கொடுக்காமல் மகளையே தூக்கிக் கொடுக்கச் சொன்னேன். அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது மாப்பிள்ளையிடம், "பொண்ணா பொறந்துடுச்சுன்னு உங்க மாமியாருக்கு மனசு இல்ல போலருக்கு. கையாலயும் தொடல, மூஞ்சியையும் மூடிக்கிட்டாங்க" என்றாராம். மகள் ராத்திரி என்னிடம் சொல்லி அழுதாள். எனக்குப் பகீரென்றது. இரண்டு பெண்களைப் பெற்று ஆசை ஆசையாய் வளர்த்தவளைப் பார்த்து இந்தச் சொல்!

தவறு என்மேலும்தான். வெட்கப்பட்டுக்கொண்டு, "லேசா ஜலதோஷம்" என்று அவரிடம் பொய் சொல்லியிருந்தேன். உதட்டுப் புண் என்று சொன்னால் ஒரு மாதிரி நினைப்பார்களோ என்று பயம். ஹெர்ப்பீஸ் என்ற பெயரைக் கேட்டதுமே சிலர் தப்பான நோய் என்று முகம் சுளிக்கிறார்களே. மறுநாள் காலை நானே போன் செய்தேன். "அண்ணி, எனக்கு உதட்டுல கொப்புளம் வந்திருக்கு. சின்ன வயசுலேர்ந்து வர்றதுதான். குழந்தைக்கு ஒட்டினா ஆபத்துன்னு டாக்டர் சொன்னதாலதான் தள்ளி நிக்கிறேன்" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அட கடவுளே, இதையா மறைச்சீங்க? எனக்கும்தான் வருஷத்துக்கு ஒருவாட்டி வருது!" என்றாரே பார்க்க வேண்டும்!

பதினாறாம் நாள் பெயர் வைத்துத் தொட்டில் போட்டோம். என் பொருக்கு இன்னும் முழுதாக உதிரவில்லை. மாஸ்க்கோடுதான் வரவேற்றேன். மாப்பிள்ளை வழியில் சித்தி முறை ஒருவர், வந்த வேகத்தில் தொட்டிலிலிருந்து குழந்தையை வாரி எடுத்தார். மேலுதட்டில் பொருக்கு, ஓரத்தில் ஈரம். முகத்தோடு முகம் வைக்கக் குனிகிறார்! சபையில் சம்பந்தி வீட்டாரைத் தடுப்பதா? நான் வாயடைத்து நின்ற அந்த நொடியில் சம்பந்தியம்மாவே குறுக்கே வந்து, "இரு இரு, சம்பந்தியம்மாவே சொந்தப் பேத்திக்கு இன்னும் முத்தம் கொடுக்கல, உனக்கு என்ன அவசரம்? உதட்டைப் பாரு முதல்ல" என்று சிரித்துக்கொண்டே குழந்தையை வாங்கிக்கொண்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அந்த அம்மாளும் கோபித்துக்கொள்ளவில்லை. நான் போன் செய்து உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

சரி, புண்ணுக்கு வீட்டில் என்ன செய்யலாம் என்றுதானே கேட்பீர்கள்? முதலில் அது இந்தப் புண்தானா என்று பாருங்கள். வாய்க்குள்ளே, நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் வெள்ளையாகக் குழி விழுந்து வலிக்கிறதே, அது வாய்ப்புண், ஒட்டாது. அதற்கு மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் என்று நம் வீடுகளில் செய்வது நடக்கட்டும். உதடு சேரும் இரண்டு மூலையும் வெடித்து, வாயைத் திறந்தால் எரிவது வேறு. இரும்புச் சத்தும் பி வைட்டமினும் குறைந்தவர்களுக்கு அது அடிக்கடி வரும். ஒரு பக்கமாகக் குறுகுறுப்போடு தொடங்கி, கூட்டமாக நீர்க் கொப்புளம் கிளம்பினால்தான் நான் சொல்வது.

குறுகுறுப்பு தெரிந்ததுமே சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து ஐந்து பத்து நிமிஷம் ஒற்றுங்கள். ஐஸ் என்றால் துணியில் சுற்றித்தான். எரிச்சலும் வீக்கமும் நன்றாகக் கேட்கும். பொருக்குத் தட்டிய பிறகு வெடித்து ரத்தம் வராமலிருக்கத் தேங்காயெண்ணெயோ வாஸ்லினோ தடவலாம். டப்பாவுக்குள் விரலை விடாமல், கொஞ்சம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு தடவுங்கள். தடவின பின் கை கழுவுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், என் கை சும்மா இருக்காது, அதனால் தெரிந்தே சொல்கிறேன். சாப்பாட்டில் ஊறுகாய், காரக் குழம்பு, எலுமிச்சை இவற்றைச் சில நாள் தள்ளி வைத்து, மோர்ச் சோறு, கஞ்சி, இட்லி என்று வைத்துக்கொண்டால் எரியாது.

தேன் தடவலாமா என்று பலர் கேட்கிறார்கள். நியூசிலாந்தில் 952 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனை 2019-இல் வெளியானது. அந்த ஊர் கானுகா மரத்துத் தேனைப் பக்குவப்படுத்திச் செய்த களிம்பைப் பாதிப் பேருக்கும், அசைக்ளோவிர் களிம்பை மற்றப் பாதிப் பேருக்கும் கொடுத்தார்கள். ஒருவருக்கு எட்டு நாள், ஒருவருக்கு ஒன்பது நாள் என்று இரண்டிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆறியது. நம் வீட்டு பாட்டில் தேன் அதற்குச் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். தேனை மட்டும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாக்கில் தடவிவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.

அசைக்ளோவிர் என்றேனே, அதுதான் இந்தக் கிருமிக்கென்றே வந்த மருந்து. டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பை, குறுகுறுப்பு தொடங்கிய உடனே, ஒரு நாளைக்கு ஐந்து தடவை போட வேண்டும். அப்படிப் போட்டாலும் அரை நாளோ ஒரு நாளோ முன்னதாக ஆறும், அவ்வளவுதான். கொப்புளம் உடைந்த பிறகு போட்டால் பலன் குறைவு. அடிக்கடி வருகிறவர்களுக்கு மாத்திரை உண்டு, அதை டாக்டர் பார்த்துத் தர வேண்டும். இந்த மருந்து பிறந்த ஆராய்ச்சிக் குழுவை நடத்தியவர் ஒரு பெண், அமெரிக்காவின் கெர்ட்ரூட் எலியான். பெண் என்பதாலேயே ஆரம்பத்தில் ஆராய்ச்சி வேலை கிடைக்காமல் அலைந்தவர். டாக்டர் பட்டப் படிப்பை முடிக்காமலே, 1988-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இன்னும் இருவரோடு சேர்ந்து பெற்றார்! பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதைப் படித்தபோது என்னவோ பெருமையாக இருந்தது.

உதட்டை விட்டு நான் அதிகம் பயப்படுவது கண்ணுக்கு. புண்ணைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது. என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவருக்கு இதே கிருமியால் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசியது. மருந்துக் கடையில் கேட்டு ஏதோ சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டார். அதிலும் ஸ்டீராய்டு. கருவிழியில் தழும்பு விழுந்து, இன்றைக்கும் அந்தக் கண்ணில் புகை மூட்டமாகத்தான் தெரிகிறது. கண்ணில் வலி, சிவப்பு, கூச்சம் என்றால் அன்றே கண் டாக்டர்தான்.

எங்கள் பக்கத்தில் இதையும் 'அக்கி' என்றே சொல்கிறவர்கள் உண்டு. இடுப்பிலோ விலாவிலோ பட்டையாகக் கிளம்பி நெருப்பாய் எரிகிற அக்கி வேறு, அது அம்மை போட்ட கிருமி பல வருஷம் கழித்துத் தலைதூக்குவது. என் மாமியாருக்கு அது வந்தபோது, மண்பாண்டம் செய்யும் ஒரு பெரியவர் காவிக்கல்லை இழைத்து, இறகால் தொட்டு, சிங்கம் மாதிரி வரைந்து அக்கி எழுதினார். அத்தைக்குக் குளிர்ச்சியாக இருந்தது என்றார்கள், ஆஸ்பத்திரி மாத்திரையும் சாப்பிட்டார்கள். அந்தப் பெரியவர் சொன்னது மறக்கவில்லை: "கண்ணுகிட்ட, நெத்தியில வந்தா நான் எழுத மாட்டேம்மா. நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

கரப்பான் மாதிரித் தோல் நோய் உள்ள குழந்தைகள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வீட்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பதினைந்து நாளாகியும் ஆறாவிட்டாலோ, அடிக்கடி வந்தாலோ வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாது.

ஆயாவின் பல்லி வைத்தியம் போகட்டும். அவள் வைத்திருந்த எச்சில் பத்தை நான் இப்போது கையெடுத்துக் கும்பிடுகிறேன். டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடி, ஒருத்தர் கடித்ததை இன்னொருத்தர் கடிக்காதே, ஒருத்தர் துண்டை ஒருத்தர் தொடாதே என்று நாள் முழுக்க முணுமுணுப்பாள். நாங்கள் கேலி செய்வோம். ஆனால் அந்த ஆயாவேதான் தொட்டில் பிள்ளையை வாய் நிறைய முத்தம் கொஞ்சுவாள்! எனக்கு இந்தக் கிருமி யார் கொடுத்த சீதனம் என்று யார் கண்டார்கள்?

இப்போது வெளியே போனால் குடை இல்லாமல் போவதில்லை. ஏரிக்கரைக் காற்றுக்குப் போவதென்றாலும் வெயில் தாழ்ந்த பிறகுதான். பொருக்கு உதிர்ந்து, தோல் மூடி, குழந்தைக்கு நாற்பது நாளும் முடிந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நாத்தனார் முக்காலியை என் பக்கம் தள்ளினார். "இந்தாங்க உங்க உத்தியோகம். பத்தடி தள்ளி நின்னு என்னை விரட்டினது போதும்" என்றார். காலை நீட்டி உட்கார்ந்து பேத்தியைப் போட்டுக்கொண்டேன். குளிப்பாட்டித் துவட்டி, அப்போதும் கன்னத்தில் கொடுக்கப் பயம். உள்ளங்காலைத் தூக்கி அதில் ஒன்று கொடுத்தேன். கூச்சம் தாங்காமல் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், கள்ளி.